பன்னிரண்டிலிருந்து கழிக்கவும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், தம்பி நலம், என் முழங்கால்கூட இந்த மாதம் நலம். என் மானம் மட்டும்தான் நலமில்லை, அது பூங்காவின் நடுவில் நானூறு கிலோ எடையில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் கல்லில் எழுத்து வெட்டிப் பிழைத்த நான், பின்பக்கமாக ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்து, அதன் அடியில் என் பெயரையும் கொட்டை எழுத்தில் வெட்டி, ஊரைக் கூட்டித் திறப்பு விழாவும் நடத்திவிட்டேன். அன்றிலிருந்து பட்டறைக்குப் பின்சந்து வழியாகத்தான் போய் வருகிறேன். சந்து நாய்கள் முதல் வாரம் குரைத்தன, இப்போது அவைகூடப் பாவம் பார்த்து விட்டுவிட்டன. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பது எனக்குக் கேட்கும். கடிதம் என்றால் நீ அங்கே விழுந்து புரண்டு சிரித்தாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதோடு, போன் பேசும்போது அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், அவள் நின்றால் நான் உண்மையைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் சொல்ல முடியும்.

அம்மா குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகி மூன்று வருடம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். அவள் வந்த பிறகுதான் தெருவிளக்கு எரிகிறது, சாக்கடைக்கு மூடி வந்தது, வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று இருந்ததை வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்று மாற்றி, புருஷன்கள் மட்டும் கை தூக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் மனைவிகளையும் உட்கார வைத்தாள். இதற்காக அவள் வார்டு ஆபீசில் தேய்த்த நாற்காலிகளைச் சேர்த்து அடுக்கினால் தண்ணீர்த் தொட்டி உயரம் வரும். இந்த மூன்று வருடமும் அந்தப் பதவி தனக்கு வந்திருக்க வேண்டியது என்று பொருமிக்கொண்டே இருப்பவர் கோடி வீட்டு ஓய்வுபெற்ற சர்வேயர். தெருவில் அவருக்கு டிகிரி என்று பட்டப்பெயர், ஏனென்றால் மனுஷர் எதைப் பார்த்தாலும் கோணத்தில்தான் பார்ப்பார். நம் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைத் தடவிப் பார்த்து, ரெண்டு டிகிரி சாய்ஞ்சிருக்கு என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மூக்கைப் பார்த்து ஏதோ எண் சொல்லி, பெண் வீட்டார் சண்டைக்கு வந்ததும் நடந்திருக்கிறது. நல்லவர்தான், ஆனால் நல்லவர் என்பதை நாம் கண்டுபிடிக்க அவர் கொஞ்சம்கூட உதவி செய்ய மாட்டார்.

பூங்கா நடுவில் செத்துப்போன நீரூற்று ஒன்று இருந்ததே, தவளை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் உருப்படியாக ஏதாவது வைக்க வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அம்மா சூரியக் கடிகாரம் வைக்கலாம் என்றாள். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ரிப்பேர்க்காரன் பின்னால் அலைய வேண்டாம், ஒரு கல்லு, அதுமேல சாய்வா ஒரு முள்ளு, முள்ளோட நிழல் எந்த எண்ணுல விழுதோ அதுதான் மணி, இதுல தப்பா போறதுக்கு என்ன இருக்கு என்று கேட்டாள். விதி அன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். டிகிரி உடனே எழுந்து, அது சும்மா கல்லு இல்லம்மா, கணக்கு, தெரிஞ்சவங்களைக் கேட்டுச் செய்யணும் என்று, தெரிந்தவர் யார் என்பதற்குத் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டே சொன்னார். அம்மா விடவில்லை, எங்க வீட்டுக்காரர் பேச்சுலதான் தப்பு பண்ணுவாரு, கல்லுல பண்ண மாட்டாரு என்று முப்பது பேர் முன்னால் சொல்லிவிட்டாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவள் சொன்னதில் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் கேட்டு நெஞ்சை நிமிர்த்தினேன். எல்லாம் அந்த நிமிர்த்தலில் வந்த வினை.

உனக்கு ஞாபகம் இருக்கும், சூரியக் கடிகாரம் எங்கேயாவது பார்த்தால் படம் அனுப்பு என்று கேட்டேன், நீ உன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அதன் பக்கத்தில் பல்லைக் காட்டி நின்று படம் எடுத்து அனுப்பினாய். அழகான கல். நேர்த்தியான எண்கள். பித்தளையில் சாய்வாக ஒரு முள். நான் உன்னைக் கத்தரித்துவிட்டுக் கல்லை மட்டும் பெரிதாக்கி, கட்டம் போட்டு, ஒரு மயிரிழை பிசகாமல் தாளில் இறக்கினேன். என் தொழில் தர்மம் உனக்குத் தெரியும், கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதை வெட்டுவேன், கேள்வி கேட்க மாட்டேன். ஒருமுறை ஒருவர் தன் சொந்த வீட்டுக் கதவு எண்ணையே மாற்றி எழுதிக் கொடுத்தார், நான் அப்படியே வெட்டினேன், அவர் சண்டைக்கு வந்தார், நான் பீரோவைத் திறந்து அவர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினேன், அவர் வாயை மூடிக்கொண்டு அந்தப் பலகையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டுப் போனார். முப்பத்தொரு வருடமாக எந்தத் தப்பும் என் தப்பாக இருந்ததில்லை, எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கல்லையும் அப்படித்தான் வெட்டினேன். பக்கத்துப் பட்டறை வெல்டர், படத்தில் இருந்த அதே சாய்வில் முள்ளைச் செய்து கொடுத்தார். பன்னிரண்டு என்ற எண் வடக்குப் பக்கம் வரும்படி வைத்து, பழைய நீரூற்றுத் தொட்டிக்குள் நாலு கம்பி இறக்கி, கான்கிரீட் கொட்டி இறுக்கினோம். இனிமேல் பூகம்பம் வந்தால்தான் அசையும் என்று வெல்டர் பெருமையாகச் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் எள்ளளவும் தப்புச் செய்யவில்லை.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. நம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை வந்திருந்தார், அம்மா புதுப் புடவை, நான் கல்யாணத்துக்குத் தைத்த அந்தச் சட்டை, இப்போது வயிற்றுப் பக்கம் மூச்சு விடாமல் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தலைமை ஆசிரியை துணியை இழுத்தார், எல்லோரும் கை தட்டினார்கள், கல் மினுமினுவென்று நின்றது, முள்ளின் நிழல் கத்தியால் கீறியது மாதிரி நேராக விழுந்து மூன்று மணியைக் காட்டியது. தலைமை ஆசிரியை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் வாயைத் திறந்து, கல்லு புதுசு மேடம், போகப் போகச் சரியாயிடும் என்றேன். மகளே, செருப்புக் கடைக்காரன் சொல்ல வேண்டிய வசனத்தை நான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வெட்டினால் கல் பிளந்துவிடும். பிறகு பேச்சு, டீ, பிஸ்கட் என்று ஒரு மணி நேரம் ஓடியது, பத்து மணிக்கு எல்லோரும் மெல்ல மெல்ல மறுபடி கல்லைச் சுற்றி வந்து பார்த்தால் நிழல் நகர்ந்து இரண்டு மணிக்கு வந்திருக்கிறது. டிகிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, செயலாளர் அம்மா, மூணு மணிக்கு விழா ஆரம்பிச்சோம், ரெண்டு மணிக்கு டீ குடிச்சாச்சு, ஒரு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிட்டா பன்னெண்டு மணிக்குச் சமையல ஆரம்பிச்சிடலாம் என்றார். தலைமை ஆசிரியையே சிரித்துவிட்டார். சிரித்தவர்களில் நம் வெல்டரும் இருந்தார், முள் என்னமோ என் மாமனார் வீட்டிலிருந்து வந்த மாதிரி.

அன்று முதல் ஊருக்கு இதுதான் வேலை. காலையில் நடக்க வருகிற பெண்கள் கல்லை ஒன்பது சுற்றுச் சுற்றுகிறார்கள், வயசு குறையுதாம். மாடி வீட்டுக் குமாஸ்தா, ஆபீசுக்குத் தாமதமாகப் போய்விட்டு, எங்க பூங்கா மணிப்படி நான் சீக்கிரம் வந்துட்டேன் சார் என்று அதிகாரியிடம் சொன்னாராம். நான் சவரம் செய்யப் போனால் நாவிதர், அண்ணே, பின்னாலேருந்து ஆரம்பிக்கட்டுமா என்று கேட்கிறார். கல்லைப் பெயர்த்துத் திருப்பி வைத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு டிகிரி, எப்படித் திருப்பினாலும் எண் ஓடுற திசை மாறாதுங்க, சுவர்க் கடிகாரத்தைத் தலைகீழா மாட்டினா முள்ளு பின்னால ஓடுமா என்றார். திருப்புவது இருக்கட்டும், அதைப் பெயர்ப்பதற்கே உடைத்துத்தான் ஆக வேண்டும், நாலு கம்பி, கான்கிரீட், பூகம்பம், மேலே எழுதியிருக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு மறுநாளே அவசரக் கமிட்டி. மோட்டார் அறைக்குப் பக்கத்து அறை, ஒரு மேஜை, ஒரு பல்பு, பன்னிரண்டு பேர். நான் பீரோவைத் திறந்து படத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், கதவு எண்காரர் கேஸ் மாதிரி ஒரே அடியில் ஜெயித்துவிடலாம் என்று. படத்தை மேஜையில் வைத்து, அளந்து பாருங்க, ஒரு நூல் வித்தியாசம் இருந்தா என் கையை வெட்டிக்கறேன் என்றேன். டிகிரி படத்தைப் பார்த்தார், இது எங்க எடுத்தது என்றார், என் பெண் இருக்கிற ஊரில் என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, பேரன் பிறந்தபோதுகூட அந்த மனுஷர் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. யாராவது ஒரு ஆரஞ்சும் ஸ்வெட்டர் ஊசியும் கொண்டு வாங்க என்றார். ஆரஞ்சின் உச்சியிலிருந்து அடிவரை ஊசியைக் குத்தி, இதுதான் பூமியோட அச்சு, நேரா நிக்காது, இருபத்திமூணரை டிகிரி சாய்வு என்று சாய்த்துப் பிடித்தார். (சாய்வு என்று சொல்லும்போது அவருக்கு நாக்கில் தேன் ஊறுகிறது.) மேல் பாதியில் ஒரு குண்டூசி, அது நாம். பூமத்திய ரேகையைத் தாண்டிக் கீழ்ப் பாதியில் ஒரு குண்டூசி, அது நீ. மேஜை நடுவில் பல்பை இறக்கிவிட்டுச் சூரியன் ஆக்கி, ஊசியின் தலை எப்போதும் அறைக் கதவைப் பார்த்தே இருக்கும்படி பிடித்துக்கொண்டு ஆரஞ்சோடு மேஜையை வலம் வந்தார். இந்தப் பக்கம் வரும்போது மேல் பாதி விளக்கைப் பார்த்துச் சாயுது, நமக்கு வெயில் காலம், அந்தப் பக்கம் போகும்போது கீழ்ப் பாதி சாயுது, இவரு பொண்ணுக்கு வெயில் காலம் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். பூமி சூரியனுக்குக் கிட்டப் போறதாலதானே வெயில் காலம் வருது என்று கேட்டேன். அவர் நின்று, ஆரஞ்சைத் தாழ்த்தி, மெல்ல, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில், அப்படின்னா உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் ஒரே சமயத்துல வேர்க்கணுமே, பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றது ஜனவரியிலங்க, அப்போ இங்க நீங்க போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத்தானே படுக்கறீங்க என்றார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். நாம் மேல் பாதியில் இருப்பதால் வருடத்தில் பெரும்பாலான நாள் சூரியன் நமக்குத் தெற்கு வானத்தில் போகிறது. அதைப் பார்த்து நின்றால் கிழக்கு நம் இடது கைப் பக்கம், ஆகவே சூரியன் இடமிருந்து வலம் போகிறது. நீ இருக்கும் கீழ்ப் பாதியில் சூரியன் வடக்கு வானத்தில் போகிறதாம், நீ அதைப் பார்த்து நின்றால் கிழக்கு உன் வலது கைப் பக்கம், ஆகவே வலமிருந்து இடம். சூரியன் ஓடுகிற திசை மாறினால் நிழல் ஓடுகிற திசையும் மாறும், நிழல் மாறினால் எண்களை எதிர்த் திசையில் போட வேண்டும், உங்கள் ஊர் ஆள் ஒழுங்காக அப்படித்தான் போட்டிருக்கிறான். அங்க இது தங்கமான கடிகாரம், இங்க இது கண்ணாடியில பார்த்த கடிகாரம் என்று முடித்தார் டிகிரி. நீ அங்கே ஆறு வருடமாக இருக்கிறாய், சூரியன் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் என்னவாம். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, நைட் டியூட்டி பார்க்கிறவளுக்குச் சூரியன் எந்தப் பக்கமிருந்து போனால் என்ன.

அந்த அறையில் உட்கார்ந்துகொண்டேதான் இன்னொரு விஷயமும் எனக்கு உறைத்தது, அது கடிகாரத்தைவிட மோசம். ஆறு வருடமாக ஒவ்வொரு டிசம்பரிலும் நான் உனக்குக் கடிதம் போட்டு, குளிர் காலம் ஜாக்கிரதை, காதை மூடிக்கொள், கால் உறை இல்லாமல் தரையில் நடக்காதே என்று எழுதி, கம்பளிக் குல்லாய் வேறு பார்சல் அனுப்பியிருக்கிறேன். டிசம்பரில் உனக்குக் கொளுத்துகிற வெயில் என்பது அன்றைக்கு ஆரஞ்சைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நீயும், கிடைத்தது அப்பா, ரொம்ப உபயோகமாக இருக்கிறது என்று ஆறு தடவை பதில் போட்டிருக்கிறாய். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. தெரியும், அவ அந்தக் குல்லாய்ல சூடான பாத்திரத்தை இறக்கறா, நீங்க பாசமா அனுப்பறீங்க, நடுவுல நான் ஏன் பூகோளம் பேசணும் என்றாள். ஒரே வீட்டில் முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பூமத்திய ரேகை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதுவரை சிரிப்பாக இருந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. டிகிரி ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தார். பூங்காவில் தவறாக நிறுவப்பட்ட கல்லை உடைத்து அகற்றுவது, அதற்குப் பொறுப்பான செயலாளர் பதவி விலகுவது, இரண்டும் சேர்த்து ஒரே தீர்மானம், ஒரே சீட்டு, ரகசிய ஓட்டு. கல் போனால் அம்மாவும் போவாள், அம்மா நின்றால் கல்லும் நிற்கும். பதவி என்ன பெரிய பதவி, ஒரு நோட்டும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தானே என்று நாம் நினைக்கலாம். ஆனால் அந்த நோட்டோடு வார்டு ஆபீஸ் படியேறும்போது அவள் நடக்கிற நடையை நீ பார்த்ததில்லை. நம் வீட்டில் இருபத்தேழு வருடம் அவள் அப்படி நடந்து நானும் பார்த்ததில்லை. தீர்மானம் வந்த அன்று அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாடு போட்டாள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள், உப்பு சரியா இருக்கா என்று கேட்டாள். அம்மா மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஆபத்து என்பது உனக்கும் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். யாரோ வீட்டுக்கு வந்து, உங்க வீட்டுக்காரர்தான் தப்பு பண்ணாருன்னு கூட்டத்துல சொல்லிடுங்க, பதவி தப்பிச்சிடும் என்று யோசனை சொன்னதற்கு, வேலையை அவருக்குக் கொடுத்தது நான்தானே என்று கதவைச் சாத்திவிட்டாள். நான் உள்ளே செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் ஒரு காரியம் செய்தாள். நோட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய், கல்லுக்கு எதிரில் இருக்கிற பெஞ்சில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவள் மாலை ஐந்து மணிவரை எழுந்திருக்கவில்லை. மணிக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு எண், கல்லைப் பார்த்து ஒரு எண், பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். நான் டிபன் டப்பாவோடு போய் நின்றேன். அவள் நோட்டைக் காட்டி, ஒம்பதுக்கு மூணு, பத்துக்கு ரெண்டு, பதினொண்ணுக்கு ஒண்ணு, ஒரு மணிக்குப் பதினொண்ணு, ரெண்டுக்குப் பத்து, ரெண்டையும் கூட்டுங்க என்றாள். கூட்டினேன். எல்லாம் பன்னிரண்டு. கொஞ்சம் முன்னே பின்னே, பத்து நிமிஷம், அவ்வளவுதான். அப்போ கல்லு பொய் சொல்லல, திருப்பிச் சொல்லுது, திருப்பிச் சொல்றவங்களோட குடும்பம் நடத்தி எனக்குப் பழக்கம் என்றாள். அன்று சாயங்காலமே என்னை ஒரு சின்னப் பலகை வெட்டச் சொல்லி, தாளில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்ததை அப்படியே வெட்டினேன். பன்னிரண்டிலிருந்து கழிக்கவும். கல்லுக்கு முன்னால் நட்டுவைத்தோம்.

அந்தப் பத்து நிமிடம் ஏன் வருகிறது என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது, வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டு டிகிரி வீட்டுக்கே போனேன். எதிரி வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு போன மாதிரி இருந்தது. அவர் என்னை விரட்டுவார் என்று பார்த்தால், உள்ளே கூப்பிட்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, ஒரு கருவியை எடுத்து வந்து, நம் பூங்காக் கல் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் புள்ளிக்குப் பிறகு ஆறு எண் வரை எழுதிக் கொடுத்தார். ஆறாவது எண் அரைச் சாண் இடத்தைக்கூட மாற்றிக் காட்டுமாம். நம் பூனை புரண்டு படுத்தால் விலாசம் மாறும் அளவுக்கு நுணுக்கம். முள்ளின் சாய்வு அந்த ஊர் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டுமாம். உன் ஊருக்கு முப்பத்தேழு டிகிரி, நம் ஊருக்குப் பன்னிரண்டுதான், நாங்கள் முப்பத்தேழில் நிறுத்தியிருக்கிறோம். இப்ப மார்ச் மாசம், பத்து நிமிஷத்தோட போச்சு, ஜூன் வரட்டும், முக்கால் மணி தள்ளிக் காட்டும் என்றார். இதை அம்மாவிடம் சொன்னேன், ஜூன்ல மேகமா இருக்கும், யாரு பார்க்கப் போறாங்க என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். டிகிரி இன்னும் என்னென்னவோ சொன்னார், பதினைந்து டிகிரி கிழக்கே போனால் ஒரு மணி நேரம் முன்னால், நாடு முழுக்க ஒரே மணி வைத்திருப்பதால் நம் தெருவின் உண்மையான நண்பகலுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் எப்போதும் ஒத்துப்போகாது, வருடத்தில் இரண்டு நாள் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், அன்று நண்பகலில் நட்டுவைத்த கம்பத்துக்கு நிழலே இருக்காது என்று. இவ்வளவும் தெரிந்த மனிதரை ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும். அவருக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். மறுநாளிலிருந்து அவர் தினமும் காலையில் கல் பக்கத்தில் நிற்கிறார். பலகையைப் பார்த்துவிட்டு யாராவது ஏன் கழிக்கணும் என்று கேட்டால் போதும், பையிலிருந்து ஆரஞ்சை எடுத்துவிடுகிறார். நான் ஒருநாள் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணினேன், பதினொரு பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க நான் பட்டறையைப் பூட்டிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். கல்லை மறந்துடுங்க, சாக்கடை மூடியை நினைச்சுப் பாருங்க என்று கைகூப்பிக் கேட்டேன். மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் வீங்கியது, அது அம்மாவுக்காக வீங்கிய வீக்கம் என்பதால் பெருமையாகவே நொண்டினேன். கூட்டத்தில் ஐம்பத்துமூன்று பேர். டிகிரி தன் தீர்மானத்தைப் படித்தார், குரலில் வழக்கமான சுருதி இல்லை. அம்மா எழுந்து நோட்டில் இருந்த எண்களைப் படித்தாள், தப்பு நடந்துச்சு, நான்தான் பொறுப்பு, உடைச்சா ஒரு தொட்டியும் தவளையும் மிஞ்சும், வச்சிருந்தா மணி தெரியும், கொஞ்சம் கணக்குப் போடணும், அவ்வளவுதான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். தலைமை ஆசிரியை எழுந்து, ஆறு மாசம் நான் தலைகீழா நின்னு சொல்லிக் கொடுத்த கழித்தலை எங்க பிள்ளைங்க இந்தக் கல்லுகிட்ட ஒரு வாரத்துல கத்துக்கிட்டாங்க என்றார். சீட்டு எழுதினோம், பிஸ்கட் டின்னில் போட்டோம், தலைமை ஆசிரியை எண்ணினார். உடைக்க இருபத்தாறு. வேண்டாம் இருபத்தேழு. ஒரே ஒரு ஓட்டில் அம்மா ஜெயித்தாள். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்த பொருள் தண்ணீர்த் தொட்டி கழுவுறது என்று மேலே பேச ஆரம்பித்தாள்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது டிகிரி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், தன் தீர்மானத்துக்கு எதிராகத் தானே ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். கல்லைத் தூக்கிட்டா நான் யாருக்குங்க ஆரஞ்சு காட்டறது, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, வீட்டுப் படியேறுவதற்குள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நின்று, நோட்டைத் திறந்து, விரல் விட்டு எண்ணினாள். நமக்குன்னு சத்தியம் பண்ணினவங்க இருபத்தேழு, அதுல டிகிரி இல்ல, அவரையும் சேர்த்தா இருபத்தெட்டு வந்திருக்கணும், இருபத்தேழுதான் வந்திருக்கு, அப்போ நம்ம ஆளு ஒருத்தன் கவுத்திருக்கான் என்றாள். யாரு யாரு என்று இரண்டு நாள் யோசித்து, திறப்பு விழாவில் சிரித்த வெல்டர்தான் என்று முடிவுக்கு வந்திருக்கிறாள். நேற்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை, பால் பாத்திரம்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. நானும் தலையை ஆட்டினேன், கூட இருந்தே குழி பறிக்கிற ஆளுங்களை நம்பவே கூடாது என்றேன்.

சரி, தாள் தீர்ந்துகொண்டு வருகிறது. நீ நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. மாப்பிள்ளையிடம் காரை மெல்ல ஓட்டச் சொல். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாரம் ஒரு தடவையாவது நீயாகவே போன் பண்ணு, போன மாதம் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள், அம்மாவுக்குத் தெரிந்தால் உன்னிடமும் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவாள். கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. எங்கே நின்றாலும் உன் கால் தடுக்காமல் இருக்கட்டும், எந்தப் பக்கம் வெயில் வந்தாலும் உன் வீட்டுக்குள் வெளிச்சமாக வரட்டும். உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா

பி.கு. இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. கல்லின் அடியில் என் பெயர் அவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறது, தினமும் அதற்குப் பயந்து பின்சந்து வழியாகப் போக வேண்டியிருக்கிறது. வெல்டர் அம்மாவுக்குத்தான் ஓட்டுப் போட்டார். உடைக்கச் சொன்ன இருபத்தாறில் ஒன்று என்னுடையது.